திருப்பினாலும் திரும்பாத கோணல்

இப்போதெல்லாம் என் கைப்பேசிக்கு வருகிற படங்களில் பாதி, லென்சுக்குள் எட்டிப் பார்த்து எடுத்தவை. பழைய லென்சுகளுக்கு மறுபடியும் ஒரு மவுசு வந்திருக்கிறது. புதுக் கேமராவுக்கும் பழைய லென்சுக்கும் நடுவில் ஒரு வளையத்தைப் பொருத்தி, தங்களைவிட வயதில் மூத்த லென்சில் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். இணையத்தில் யாரோ விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பிளேடுகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி விடுகிறார்கள். "அக்கா, ஒரு பிளேடு மட்டும் கொஞ்சம் வெளிய நிக்குதுங்க. வாங்கலாமா, வேணாமா?"

படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வராது. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இதையே எல்லோருக்கும் பதிலாக எழுதிக் கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்துப் போட்டோகிராபர்கள் ஆண்டு மலர் கொண்டு வருகிறார்கள். அதில் இதைக் கட்டுரையாகவே எழுதிக் கொடுத்து விடுங்கள் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் பிளேடைவிடப் பாலக்கோட்டுச் சின்னராசுதான் முதலில் நினைவுக்கு வருகிறார். அதனால் இதில் அவர் கதை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

என் பெயர் லூர்துமேரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக் கொண்டு சின்னச் சின்னச் சக்கரங்களைச் சோதிக்கும் வேலை. அங்கே கற்ற பலவற்றை மறந்து விட்டேன். ஒன்றை மறக்கவில்லை. சக்கரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே அதை ஒதுக்கக் கூடாது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். புள்ளியும் கூடவே திரும்பினால் குறை சக்கரத்தில். அது நின்ற இடத்திலேயே நின்றால் தூசி இருப்பது நம் பூதக்கண்ணாடியில்.

கல்யாணமாகித் தருமபுரிக்கு வந்த பிறகு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த கேமரா பழுது பார்க்கும் கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரர் மஞ்சுநாத் சார். ஓசூரையும் தாண்டி, எல்லைப்பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், வேலை மும்முரத்தில் இரண்டும் கலந்து வரும். ஓய்வு பெறும் வரை நான் அந்தக் கடையிலேயே இருந்தேன். வேறு கடைக்குப் போக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதற்குக் காரணம் அந்த மனிதரின் சுபாவம்.

கடைக்கு வருபவர்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக் கொண்டு வருவார்கள். வந்ததும் லென்சை நீட்டிக் குறையைச் சொல்வார்கள். சார் உடனே கையில் வாங்க மாட்டார். மேசையில் விரித்திருக்கும் பச்சைக் கம்பளித் துணியில் வைக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை நகர்த்துவார். "லென்சும் சூடா வந்துருக்குது. நீங்களும் சூடா வந்துருக்கறீங்க. ரெண்டும் ஆறட்டும். அவசர பேடா, அவசரம் வேணாம்" என்பார். வேடிக்கைக்காகச் சொல்வது போல இருக்கும். அதில் தொழில் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில், ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்து வரும் லென்சில் எண்ணெய் இளகி விடும். அப்போது வளையத்தைத் திருப்பினால் பிளேடுகள் நல்ல பிள்ளைகளாகச் சட்டென்று நகரும். ஆறிய பிறகுதான் அவற்றின் சோம்பல் தெரியும்.

லென்சுக்குள் ஐந்தோ ஆறோ எட்டோ மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வட்டமாக நிற்கும். அவைதான் பிளேடுகள். வெளியே உள்ள வளையத்தைத் திருப்பினால் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து நடுத்துளையைச் சிறிதாக்கும். உள்ளே போகும் வெளிச்சம் குறையும். அந்தத் துளையின் பக்கங்கள் ஒன்று போல இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை.

சார் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார். ஜன்னலைப் பார்த்து நிற்பார். கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். அந்த மெத்தென்ற வெளிச்சத்தில் லென்சைத் தூக்கிப் பிடித்து, முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் பார்ப்பார். முழுக்கத் திறந்த நிலையில் பிளேடுகள் ஒளிந்து கொள்ளும். முழுக்க மூடிய நிலையிலோ சின்ன வளைவுகூடப் பூதமாகத் தெரியும். அந்த இரண்டையும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பார். நடு நிலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். போட்டோகிராபர் நிஜமாகப் புழங்குகிற இடம் அதுதான். பிறகு, தகடுகளில் எண்ணெய் மினுமினுக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பார். பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளி விட்டுவிட்டு, தகடுகள் திரும்பி வரும் வேகத்தைப் பார்ப்பார். கடைசியில் கண்களை மூடிக்கொண்டு, லென்சைக் காதருகே வைத்து வளையத்தைத் திருப்புவார்.

"கொஞ்சம் கோணலா இருந்தா படத்துக்கு ஒண்ணும் ஆவாது. பின்னால எரியற சீரியல் பல்பு வட்டமா விழாம கொஞ்சம் நசுங்கி விழும், அவ்ளோதான். அதே இடத்துக்குத் தெனமும் ஒரே மாதிரி வருதா, அதப் பாரு மேரி" என்பார். 'போச்சு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தேறாத லென்சாக இருந்தால், "இதுக்கு மேல இத வேலை வாங்க வேணாங்க" என்று மட்டும் சொல்வார்.

சின்னராசுவுக்குப் பாலக்கோட்டில் ஸ்டுடியோ. தக்காளி மண்டிக்குப் போகும் வழியில் இருந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றிலும் அவர் கேமராவைப் பார்க்கலாம். பிலிம் காலத்திலிருந்து எங்களிடம் வருகிறவர். பேச்சில் கொஞ்சம் முன்கோபம். வேலையில் படு சுத்தம்.

அவருடைய மனைவியின் தம்பி குமரவேல். மாமாவிடம்தான் படம் எடுக்கக் கற்றுக் கொண்டார். பிறகு தொழிலை விட்டு பெங்களூரில் வேலைக்குப் போனபோது, தான் ஆசையாக வைத்திருந்த ஒரு லென்சை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆறு பிளேடு கொண்ட பழைய லென்ஸ். மணப்பெண் முகத்துக்கு அதைப் போல வேறு இல்லை என்று சின்னராசு எங்களிடமே பெருமையாகச் சொன்னதுண்டு.

அப்படிச் சொன்னவர், சில மாதம் கழித்து அந்த லென்சை எடுத்துக் கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"உள்ள ஒரு பிளேடு கோணிக்கினு நிக்குதுங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ஆற வைத்துப் பார்த்தோம். தகடுகளில் எண்ணெய் படிந்திருந்தது. ஒரு தகடு மயிரிழை அளவு பின்தங்கி வந்தது. நான்தான் பிரித்துக் கழுவி, காய வைத்து, திரும்பக் கோர்த்தேன். ஆறு பக்கமும் அச்சில் வார்த்தது போல வந்தன. சாரும் பார்த்துத் தலையசைத்தார். சின்னராசு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பையில் போட்டுக் கொண்டு போய்விட்டார்.

அடுத்த முறை மனைவி பச்சையம்மாவுடன் வந்தார். படியேறும்போதே குரல் கேட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன். உன் தம்பி நல்லத வேற எவனுக்கோ குடுத்துட்டு, கோணல எனக்குத் தள்ளி வுட்டுட்டான்."

"அவன் அப்படிச் செய்யறவன் இல்லீங்க. சின்னதுல இருந்து உங்க கையப் புடிச்சிக்கினு வளந்தவன்."

"வளந்தவன்தான் செய்வான்!"

பச்சையம்மா என்னைப் பார்த்தார். அழுது அடங்கிய முகம். பிறகு சார் மேசைக்குப் போனதும் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, எங்க அம்மா வூட்டுக்குப் போயி எத்தினி நாளாச்சு தெரியுங்களா? பண்டிகைக்குக்கூட அனுப்பல. தம்பி போன் பண்ணா எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. ஒரு லென்சுக்காவ."

மஞ்சுநாத் சார் லென்சைப் பச்சைத் துணியில் வைத்தார். தண்ணீரை நகர்த்தினார். சின்னராசு தொடவில்லை.

"நீங்க சரியா இருக்குதுன்னீங்க. எனக்கு இன்னும் கோணலாத்தான் தெரியுது. கேமராவுல மாட்டுனா மண்டபத்துத் தூணெல்லாம் வளையுது. நீங்களும் குமரவேலுக்கு வேண்டியவங்களா போயிட்டீங்களா?"

சாரை அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கோபப்படவில்லை. "உங்க எதுருலயே பிரிச்சுடறேன் அண்ணா. நீங்களும் பாருங்க" என்றார்.

பிரித்தோம். நான் திருகாணிகளை வரிசையாக வைத்தேன். சார் ஆறு தகடுகளையும் இடுக்கியால் எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்தார். வளைந்த தகடாக இருந்தால் ஓரத்தில் ஒரு கீற்று நிழல் விழும். எதிலும் விழவில்லை. பச்சையம்மா மூச்சுகூட விடாமல் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் மூச்சில் தகடு பறந்துவிடும் என்று நினைத்தாரோ, தம்பி மானம் பறந்துவிடும் என்று நினைத்தாரோ தெரியாது. திரும்பக் கோர்த்து, நடு நிலையில் வைத்து, லென்சை சார் அவரிடமே கொடுத்தார்.

சின்னராசு ஜன்னலைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். உடனே இறக்கினார்.

"அதே கோணல்."

கீழே அரூர் பேருந்துக்காரர் ஆள் ஏற்றக் கூவிக் கொண்டிருந்தார். தூண் வளைகிறது என்று அவர் சொன்னது எனக்குள் உறுத்திக் கொண்டே இருந்தது. பிளேடு எவ்வளவு கோணினாலும் தூண் வளையாது. அது வேறு குறை. சாருக்கும் அது தெரியும். ஆனால் மனம் நொந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கொண்டிருந்தார் போலும்.

நான் எழுந்து போனேன். "எந்த எடத்துல கோணலுங்க? எனக்குக் காட்டுங்க."

"இதோ மேல, வலது பக்கமா. ஒடஞ்ச பல்லாட்டம் உள்ள இடிக்குது பாருங்க."

அந்த இடத்துக்கு நேராக லென்சின் விளிம்பில் ஒரு துண்டுச் சிவப்பு டேப்பை ஒட்டினேன். பிறகு அவர் கையிலேயே லென்சைக் கால் வட்டம் திருப்பினேன். சிவப்புத் துண்டு கீழே போயிற்று.

"இப்ப எங்கங்க இருக்குது?"

"அங்கியேதான். மேல, வலது பக்கம்."

இன்னும் கால் வட்டம் திருப்பினேன். "இப்ப?"

"அதேதாங்க மேடம். எத்தினி தடவ கேப்பீங்க? மேல, வலது பக்கம்."

தலையைத் திருப்பி சாரைப் பார்த்தேன். சார் நாற்காலியை விட்டு ஏற்கெனவே எழுந்திருந்தார். சுற்றி வந்து சின்னராசுவின் பக்கத்தில், தோள் உரசும்படி நின்று கொண்டார்.

"அண்ணா, எந்தக் கண்ணால பாக்கறீங்க?"

"வலதுதான். தொழிலுக்கு வந்த நாள்லருந்து வலதுதானே?"

"ஒருக்கா இன்னொரு கண்ணால பாருங்களேன்."

சின்னராசுவுக்கு அது வரவில்லை. வலது கண்ணை மூடப் போனால் இரண்டும் சேர்ந்து மூடிக் கொண்டன. வாழ்நாளெல்லாம் இடது கண்ணையே மூடிப் பழகியவர். இரண்டு மூன்று முறை முயன்று சலித்துக் கொண்டார். பச்சையம்மா பக்கத்தில் வந்து, எட்டி, தன் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினார்.

"இப்பப் பாருங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். லென்சை அவரே மெல்லத் திருப்பிக் கொண்டார்.

"ஆறு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். சத்தமே இல்லை.

பச்சையம்மாவுக்கு முகம் மலர்ந்து விட்டது. "சரியாயிடுச்சுங்களா? நான்தான் சொன்னேனே!" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. கணவரின் முகத்தை அவர் பார்த்தார். பொத்திய கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

மஞ்சுநாத் சார் லென்சை வாங்கிப் பச்சைத் துணியில் வைத்தார். "லென்சுல ஒண்ணும் இல்லீங்க அண்ணா. பாக்கற எடத்துல ஏதோ இருக்குது. அது எங்க வேலை இல்ல. அதுக்குன்னு படிச்சவங்க இருக்கறாங்க. இன்னிக்கே போயிடுவோம்" என்றார். போங்கள் என்று சொல்லவில்லை. போவோம் என்றுதான் சொன்னார்.

"எனக்குக் கண்ணு போயிடுங்களா சார்?"

"தெரியாதுங்க. தெரியாதத நான் சொல்ல மாட்டேன். வாங்க, தெரிஞ்சவங்களக் கேப்போம்."

நண்பகலில் கடையைப் பூட்டி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நால்வரும் ஓர் ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில்தான் பச்சையம்மா சொன்னார், கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது, முகூர்த்த மாதங்களில் அலைச்சலில் மாத்திரையை விட்டுவிடுவார் என்று. சின்னராசு வெளியே பார்த்துக் கொண்டு வந்தார். ஒரு கையால் ஒரு கண்ணை மாற்றி மாற்றிப் பொத்தி, போகிற வழியில் விளக்குக் கம்பங்களைப் பார்த்துக் கொண்டே வந்தார்.

டாக்டர் இளம்பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தபோது கோடுகள் எங்கே வளைகின்றன என்று சின்னராசு விரல் வைத்துக் காட்டினார். மேலே, வலது பக்கம். பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும் வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அது விரிந்ததும் உள்ளே ஒருமுறை பார்த்து முடித்து, டாக்டர் விளக்கினார். சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கட்டியிருக்கிறது. அது மேடு கட்டுவதால் பார்க்கிற பொருள் வளைந்து தெரிகிறது. இரண்டு கண்ணையும் திறந்தே புழங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். மற்றக் கண் சரி செய்து கொண்டே போகும். "நீங்க ஒத்தக் கண்ணால பாக்கற தொழில்ல இருந்ததால தெரிஞ்சுது. இன்னும் மோசமாகல. கண்ணுக்குள்ள ஊசி போடணும், பல தடவை. சேலமோ பெங்களூரோ போயிடுங்க" என்றார்.

மருந்துச் சீட்டை எடுத்துக் கொண்டு பச்சையம்மாவும் சாரும் கீழே போனார்கள். நானும் சின்னராசுவும் பெஞ்சில் இருந்தோம். சொட்டு மருந்தின் கூச்சத்தால் அவர் கண்களில் நீர் வழிந்து கொண்டிருந்தது. எல்லாமே மருந்தினால் வந்த நீரா என்று நான் பார்க்கவில்லை.

"கண்ணுல ஊசியாம் மேடம்" என்றார்.

"ஆமாங்க."

"இந்தக் கண்ண வெச்சிக்கினு அவன எவ்ளோ பேசிட்டேன் தெரியுங்களா? கோயில் வாசல்ல, நாலு பேரு எதுருல. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விரிந்த பாப்பாவுக்கு எழுத்து கூடவில்லை. என்னிடம் நீட்டினார்.

"குமரவேலுன்னு இருக்கும். போட்டுக் குடுங்க."

போட்டேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவும் வைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாமா? அக்காவுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

சின்னராசு போனை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டார். "அவ நல்லாருக்கறா. லென்சு... லென்சு நல்லாத்தான் இருக்குது மச்சான்."

"அதச் சொல்லவா போன் பண்ணீங்க?"

"என் கண்ணுதான் கோணலாம். தண்ணி கட்டிக்கிச்சாம். அது தெரியாம உன்னை..."

"எந்தக் கண்ணுங்க மாமா?" என்று கேட்டார் குமரவேல்.

"வலது."

"படம் எடுக்கற கண்ணா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரிலதான இருக்கறீங்க? அங்கியே இருங்க. பஸ் புடிச்சு வந்துடறேன். பக்கத்துல யாரு இருக்கறா? அக்கா இருக்குதா? தனியாப் படியெறங்காதீங்க."

பச்சையம்மா மருந்துப் பையுடன் மேலே வந்தபோது கணவர் போனைப் பிடித்துக் கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரிடம் பேசினார் என்று நான்தான் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டார்.

வைத்தியம் பெங்களூரில்தான் நடந்தது. குமரவேல் வீட்டிலேயே தங்கிக் கொண்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அவர்தான் லீவு போட்டு மாமாவைக் கூட்டிக் கொண்டு போனார். கண் மேலும் கெடாமல் நின்றது. வளைவு நிறையக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மாத்திரையைப் பச்சையம்மா தன் கையாலேயே கொடுக்க ஆரம்பித்தார். சின்னராசு இடது கண்ணால் படம் எடுக்கப் பழகினார். இடது கண்ணை வைத்தால் மூக்கு கேமராவின் முதுகில் போய் அமுங்கும், கழுத்து வலிக்கும், ஆரம்பத்தில் நிறைய எரிந்து விழுந்தாராம். பச்சையம்மா கல்யாணங்களுக்குக் கூடவே போக ஆரம்பித்தார். படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. இப்போது மணப்பெண்ணை எப்படி நிற்க வைப்பது என்பதும் அவர் வேலையாகிவிட்டது.

வாங்கப் போகும் லென்சை எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு, ஆற வையுங்கள், நடு நிலையில் பாருங்கள், திருப்பிப் பாருங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் மூவரும் சேர்ந்து கடைக்கு வந்த நாளையும் சொல்லிவிட வேண்டும். குமரவேல் ஊருக்கு வந்திருந்தார். ஒரு கூடை தக்காளியை அவர்தான் தூக்கிக் கொண்டு படியேறி வந்தார். பேசிக் கொண்டே இருக்கும்போது சின்னராசு அந்த லென்சைப் பையிலிருந்து எடுத்து, ஜன்னலுக்குப் போய், வலது கண்ணில் வைத்துப் பார்த்தார். மஞ்சுநாத் சார் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார்.

"லேசா இடிக்குதுங்க இன்னும். அது பாட்டுக்கு இருக்கட்டும்." லென்சைக் கால் வட்டம் திருப்பி மறுபடியும் பார்த்தார் சின்னராசு. "அது யாருதுன்னு இப்பத் தெரியுதில்ல."

குமரவேல் தக்காளிக் கூடையைக் கொண்டு போய் நிழலில் வைத்தார்.